தொடாத கை

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இருபத்தைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். செங்கோட்டையில் மூட்டம் மட்டும் இருந்தது. புளியரை தாண்டிப் பேருந்து மலை வளைவுகளில் ஏறியபோது சாரல் பிடித்தது. இங்கே கோட்டைவாசலில் மேற்கிலிருந்து காற்று வீச, குடைக்குள் நிற்பவரையும் விடாமல் அது சாய்வாகப் பெய்துகொண்டிருக்கிறது. குடையைப் பிடித்திருப்பவள் நான். என் தங்கை வடிவு ஒரு தோளைக் குடைக்கு வெளியே விட்டுக்கொண்டு நிற்கிறாள். உள்ளே வா என்று இருமுறை சொல்லிவிட்டேன், மூன்றாம் முறை சொல்வதாக இல்லை. கருப்பன் கோவிலுக்குப் போவோம் என்றுதான் என்னை அழைத்து வந்தாள். கோவிலுக்குப் போகவும் செய்தோம். மூன்று நிமிடம் நின்றோம். பூசிய திருநீறு ஈரத்தில் கரைந்து இப்போது என் புருவத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. பிறகு திரும்பும் பேருந்துக்கு நிற்காமல், சோதனைச் சாவடியைக் கடந்து, கேரள எல்லைக்குள் நூறடி நடந்து, ஒரு தகரக் கொட்டகையின் முன் நீண்டிருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டு, "எக்கா, ஒரு அரமணி நேரம்," என்றாள். கொட்டகையின் நெற்றியில் தொங்கும் பதாகையைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது. பன்னிரண்டு கோடி. ஓணத்துப் பெரிய குலுக்கல். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து, ஒரு நாளும் பிந்தாமல் பள்ளிக்குப் போய், ஓய்வு பெற்று, ஊரில் இன்றும் ஆவுடையம்மாள் டீச்சர் வருகிறார் என்றால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைக்கும் ஆண்கள் உள்ள தெருவில் குடியிருக்கும் நான், லாட்டரிச் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கிறேன். தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த வாரத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தேன். நாற்பத்திரண்டு பேரும் நான் விரும்பியதையே எழுதினார்கள். ஒருவன்கூட மாற்றி எழுதவில்லை. அப்போது அது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

போய்விடலாம். பேருந்து நிற்கும் இடம் நூறடிதான். ஆனால் குடை ஒன்று, ஆட்கள் இருவர். இவளை மழையில் விட்டுப் போனாள் என்று வரிசை பேசும். வரிசையில் பாதிப் பேர் நம் பக்கத்து முகங்கள், தென்காசி, கடையநல்லூர், பாவூர்சத்திரம், ஞாயிற்றுக்கிழமைக்கென்று தோய்த்துடுத்த வேட்டிகள். சீட்டுக்கு முந்நூறு ரூபாய். வடிவு எங்கள் தெருத் தையற்கடைக்கு ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுக்கிறாள். ஒன்றுக்கு ஐந்து ரூபாய். அறுபது ஜாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து கொக்கி, முந்நூறு கொக்கி, ஒரு கொக்கிக்கு ஒரு ரூபாய், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு நூலைப் பல்லால் அறுத்து அறுத்துச் சேர்த்தது. அதைக் கொண்டுவந்து இங்கே கொட்ட வேண்டும். நாற்பது இலட்சத்துக்கு மேல் சீட்டு அடித்திருக்கிறார்களாம், பின்னால் நிற்பவர் யாருக்கோ சொல்கிறார். நாற்பது இலட்சம். ஒரு பெயருக்கு மூன்று நொடி என்று வைத்து, உண்ணாமல் உறங்காமல் வருகைப் பதிவு எடுத்தால் நாலரை மாதமாகும். நாலரை மாதம் இரவும் பகலும் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போய், அவற்றுள் ஒரே ஒரு பெயருக்கு மட்டும் ஒருவர் எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்வதற்காகக் காத்திருப்பதற்குப் பெயர் நம்பிக்கையா? இவர்கள் அதை "விழும்" என்கிறார்கள். எப்போதாவது விழும், எனக்கும் விழும், இந்தத் தடவை விழும். எது விழும், யார் வீழ்த்துவார், ஏன் உன்மீது என்று கேட்க அந்த வினைமுற்றில் இடமே வைக்கவில்லை. ஊரார் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்ளச் செய்துவைத்த சொல் அது. வரிசை ஓரடி நகர்கிறது. நானும் நகர்கிறேன். ஏன் நகர்கிறேன்.

பின்னால் நிற்பவர் புளியங்குடிக்காரர், எலுமிச்சை வியாபாரி, பெயர் பூதத்தான். நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நான் டீச்சர் என்பதையும் வடிவிடம் கேட்டுக்கொண்டார். "டீச்சரம்மா முகத்தப் பாத்தா மொத தடவ வந்த மாதிரி இருக்கே," என்கிறார். நான் சீட்டு வாங்க வரவில்லை என்றும், இது வீண்செலவு என்பது என் உறுதியான கருத்து என்றும் சொல்கிறேன். அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். "டீச்சர் பேசுதது ரேடியோவுல செய்தி வாசிக்க மாதிரில்லா இருக்கு." வடிவு திரும்பாமலே சொல்கிறாள்: "வீட்டுலயும் அப்படித்தான். உப்பு கேட்டாலும் செய்திதான்." வரிசையில் முன்னால் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். என் தங்கைக்கு இப்படி நகைச்சுவையாகப் பேச வரும் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் பேசியதில்லை. பதினாறு ஆண்டுகளாக வாங்குகிறாராம் இவர்; விழுந்ததெல்லாம் நூறும் இருநூறும், அவற்றுக்கும் திரும்பச் சீட்டே வாங்கிவிட்டாராம். பிறகு ஏன் வாங்குகிறீர்கள் என்கிறேன். "எலுமிச்சங்கா வெல நாளைக்கு என்னனு எனக்குத் தெரியுமா டீச்சர். தெரியாமத்தான் மூட மூடயா வாங்குதேன். அதுக்கு வருத்தப்பட ஆளு இல்ல, இதுக்கு மட்டும் எல்லாரும் புத்தி சொல்லுதாக." எலுமிச்சை பிழிந்தால் சாறாவது வரும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் வடிவு அவரிடம் திரும்பி, தணிந்த குரலில், நான் பக்கத்தில் நிற்கவில்லை என்பதுபோல, "அக்கா ஒரு தடவகூடச் சீட்டத் தொட்டதில்ல, அறுபத்திரண்டு வயசு வரைக்கும்," என்கிறாள். பூதத்தானின் முகம் மாறுகிறது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது என் கையைப் பார்க்கிறார். குடைக்கம்பைப் பிடித்திருக்கும் வலது கையை. "முதக் கையா," என்கிறார். "ஆமா. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். இங்க கட வச்சிருக்க சுலோச்சனா சேச்சிதான் சொன்னாக, சீட்ட வெறுத்த கை எடுத்துக் குடுத்தா விழாமப் போகாதாம்."

ஆக, அதுதான். கோவிலும் இல்லை, துணையும் இல்லை. கடைக்காரி சொன்னாள் என்று என் கையை இங்கே கொண்டுவந்திருக்கிறாள், கோழியை மடியில் கட்டிக் கொண்டுவருவதுபோல. நான் நாற்பது ஆண்டுகளாகச் சொன்ன சொல்லெல்லாம், வகுப்பறையில், ஆசிரியர் அறையில், திருமண வீட்டில், கரும்பலகையில் எழுதிக் காட்டிய கணக்கெல்லாம், இவர்களுக்கு ஒரே ஒரு பொருளைத்தான் தந்திருக்கிறது: இவள் கை புதிது. எவ்வளவு வெறுத்தேனோ அவ்வளவு விலை கூடியிருக்கிறது. குடையை இடது கைக்கு மாற்றுகிறேன். மாற்றியவுடன் அது தவறு என்று தெரிகிறது. பூதத்தான் கண் கூடவே வருகிறது. ஒருவர் என் வலது கையை இப்படிப் பார்த்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் இருக்கும். இல்லை, அதை நினைக்க வேண்டாம். வரிசையைப் பார்க்கலாம். முன்னால் பதினொரு பேர். பதாகையில் ஒரு பெண் ஓணப்புடவையில் சிரிக்கிறாள். தகரத்தின் விளிம்பிலிருந்து நீர் ஒரே இடத்தில் சொட்டி மண்ணில் குழி பறித்திருக்கிறது. அப்பாவின் மிதிவண்டியில் பின்னிருக்கை இல்லை; முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைப்பார். வெள்ளிக்கிழமை மாலை. மர டிப்போவில் கணக்கெழுதி முடித்து, தேக்குத் தூள் வாசனையோடு வந்து, "ஆவுடை, கெளம்பு" என்று மட்டும் சொல்வார். எனக்குப் பன்னிரண்டு வயது. பேருந்து நிலையத்தின் பக்கத்தில் ஒரு மேசை, மேசைமேல் கயிறு, கயிற்றில் துணி உலர்த்தும் கவ்விகளில் சீட்டுகள். அரசாங்கச் சீட்டு, ஒரு ரூபாய். கண்ணை மூடு. கையை நீட்டு. எது தட்டுப்படுகிறதோ அது. ஐந்தாம் வெள்ளியோ ஆறாம் வெள்ளியோ, நான் எடுத்த சீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் விழுந்தது. 1969இல் ஐயாயிரம் ரூபாய். விழுந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன், பாருங்கள், வேறு சொல் எனக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு என் கை என்னுடையதாக இல்லை. பாத்திரம் துலக்கக் கூடாது, சாம்பல் பட்டால் ரேகை தேயும்; வெள்ளிக்கிழமை அந்தக் கையால் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது; வெளியே சொல்லவும் கூடாது, சொன்னால் போய்விடும். அம்மா கிணற்றடியில் துலக்கியபடி, "மகாராணி கை நனையக் கூடாதோ," என்று என்னைப் பார்த்துச் சொல்வாள். சொல்ல வேண்டியவரிடம் சொல்ல மாட்டாள். அப்பா என் பள்ளிக்கே வந்தார். அடிப்பதானால் இவளை இடது கையில் அடியுங்கள் என்று ஆசிரியரிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டார். ஆசிரியர் சிரித்துவிட்டு அப்படியே செய்தார். பின்னாளில் நானும் பிள்ளைகளை இடது கையில் மட்டுந்தான் அடித்தேன். ஏன் என்று கேட்ட உடனாசிரியர்களிடம், எழுதும் கையைக் காயப்படுத்தலாகாது என்றேன். கேட்டவர்கள் என்னை மெச்சினார்கள். ஐயாயிரத்தில் அம்மாவுக்கு ஒரு சங்கிலி வந்தது, இரண்டாம் ஆண்டு அந்தச் சங்கிலி போனது, மூன்றாம் ஆண்டு சொந்தமாக இருந்த மேலூர் வீடு போனது. ஒரு சீட்டு என்பது கட்டுக்கட்டாக ஆயிற்று; ஒவ்வொரு வெள்ளியும் கண்ணை மூடி நான்தான் கையை நீட்டினேன். ஒருமுறைகூட அவர் திட்டியதில்லை. முடிவு வந்த அன்று நாளிதழை மடித்து வைத்துவிட்டு என் கையைப் பார்ப்பார், நோய் பிடித்த மாட்டைப் பார்ப்பதுபோல. நான் பெரியவளான நாளில் வீடு நிறையப் பெண்கள். அப்பா முற்றத்தில் நின்று, மாலை போட்டு உட்கார வைத்திருந்த என்னைப் பார்க்காமல் மடியில் கிடந்த கையைப் பார்த்தார். அடுத்த வெள்ளி மிதிவண்டி என்னை ஏற்றாமல் போயிற்று. சமைந்த கை ஆகாதாம். தப்பித்தேன் என்று மகிழ்ந்திருக்க வேண்டும். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் போவதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது மகிழ்ச்சி அன்று, வேலையிலிருந்து நீக்கப்பட்டவளின் அவமானம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. 1976இல் அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் முழுவதும் சீட்டுகள், ஆண்டுவாரியாக டிப்போச் சணலால் கட்டியவை. அம்மா அவற்றை வெந்நீர் அடுப்பில் போட்டாள். பதினொரு நாள் அந்த வெந்நீரில் குளித்தோம்.

"டீச்சர் ஏதோ ரோசனையில இருக்காக," என்கிறார் பூதத்தான். இவருக்கு வாய் ஓயாது போலிருக்கிறது. வரிசையில் எல்லாரையும் அதையே கேட்டுக்கொண்டு வருகிறார்: விழுந்தால் என்ன செய்வீர்கள். கடையநல்லூர்க்காரர் மகனுக்கு லாரி என்கிறார். இன்னொருவர், பொண்டாட்டிக்குத் தெரியாமல் இருப்பதற்கு என்ன செலவாகுமோ அதைச் செய்வேன் என்கிறார், சிரிப்பு. "நீங்க சொல்லுங்க தாயி," என்கிறார் வடிவிடம். அவள் உடனே சொல்கிறாள். எத்தனையோ முறை தனக்குள் சொல்லிப் பழகிய விடை அது, கேட்டவுடன் வந்துவிட்டது. "தனி வீடு ஒண்ணு பாத்துப் போயிருவேன்." "இப்ப யாரு வீட்டுல இருக்கீக?" "எக்கா வீட்டுல." பூதத்தான் என்னைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார், மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணத் தொடங்குகிறார். தனி வீடு. பார்த்து. போய்விடுவேன். அவள் கணவர் இறந்து என்னிடம் வந்து பதினோர் ஆண்டுகள். வாடகை கேட்டேனா. பதினோர் ஆண்டுகளில் ஒரு முறையேனும் சோற்றைக் குறித்து ஒரு சொல் சொல்லியிருக்கிறேனா. பெரிய அறையை அவளுக்குக் கொடுத்தேன். காற்று வரும் அறை. ஒன்பது மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்பது வீட்டு ஒழுங்கு, அது அவளுக்கு மட்டும் இட்ட சட்டம் இல்லை, நானும்தான் அணைக்கிறேன். ஒரு பூனையை எடுத்து வந்தாள். பூனை வேண்டாம் என்றேன். அதில் என்ன தவறு, எனக்கு மூச்சு இரைக்கும். வந்த புதிதில் மளிகைப் பட்டியல் எழுதி மேசையில் வைத்திருந்தாள். கடைக்குப் போகுமுன் ஒற்றெழுத்துகளைத் திருத்தினேன். கையிலிருந்தது சிவப்புப் பேனா. வேறு பேனா எடுக்க எழுந்து போகவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பட்டியல் எழுதியதில்லை. தானே கடைக்குப் போய் வாயால் சொல்லி வாங்கி வருகிறாள். நடையாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா. அறுபது ஜாக்கெட்டு, முந்நூறு கொக்கி, ஒவ்வொரு கொக்கியும் என் வீட்டிலிருந்து வெளியே போக ஒரு படி. என் வீட்டு விளக்கில், என் வீட்டு நாற்காலியில், என் எதிரில் உட்கார்ந்து வைத்துத் தைத்தாள்.

ஆகவே எளிய கணக்கு. அவள் போக வேண்டுமானால் பன்னிரண்டு கோடி வேண்டும். பன்னிரண்டு கோடி நாற்பது இலட்சத்தில் ஒருத்திக்குத்தான். எனவே அவள் போக மாட்டாள். நாலரை மாத வருகைப் பதிவில் அவள் பெயர் வரப்போவதில்லை. நான் கையை நீட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, எடுத்தாயிற்று, போதுமா என்று பேருந்து ஏறலாம். அறிவுள்ளவள் அப்படித்தான் செய்வாள். பிறகு ஏன் வலது கை முந்தானைக்குள் போகிறது. முன்னால் நான்கு பேர். எடுத்தால் என்ன. எடுத்தால் ஒன்றும் ஆகாது. எடுத்தால் விழுந்துவிடும். இந்த வாக்கியம் எனக்குள் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறேன். யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன், அதுவும் மிகத் தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாத குரலில். என் கை எடுத்தால் விழும். ஐம்பது ஆண்டுகளாக இதைத்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கணக்கையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதன் பின்னால் இதை மறைத்து வைத்திருந்திருக்கிறேன். நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளிக்கிழமைகள் விழவில்லையே என்றால், விழுந்த அந்த ஒன்று மட்டும் கண்முன் நிற்கிறது. அப்பாவுக்கும் அப்படித்தான் நின்றிருக்கும். பதினாறு ஆண்டுகள் வாங்கிய இந்தப் பூதத்தான் என்னைவிடத் தெளிவானவர். அவருக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். விழுந்துவிடும். அவள் வீடு பார்ப்பாள். வாசலில் ஆட்டோ நிற்கும். காற்று வரும் அறை காலியாகும். ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்க ஓர் ஆள் இருந்தால் போதும், அணைத்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் புரண்டு படுக்கும் ஓசை வராது. எடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வேன். கொள்கை என்பேன். அவள் நம்புவாள், எல்லாரும் நம்புவார்கள், அதுதான் எனக்கு இப்போது சகிக்கவில்லை.

மேசைக்குப் பின்னால் சுலோச்சனா. என் வயதுக்குச் சற்றுக் குறைந்தவள், ஒரு கால் சூம்பியது, ஊன்றுகோலைத் தகரத்தில் சாய்த்திருக்கிறாள். "வடிவு சேச்சி, கொண்டு வந்தாச்சு அல்லே," என்று சொல்லிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். "இதாணோ அந்தக் கை." சீட்டுகளை விசிறிபோல விரித்து நீட்டுகிறாள், பச்சையும் மஞ்சளும், அச்சு வாசனை போகாத புதுத் தாள். வடிவு முந்தானையிலிருந்து முந்நூறு ரூபாயை எடுத்து மேசைமேல் வைக்கிறாள், ஈரம் படாமல் இருக்க நெகிழிப் பையில் சுருட்டியது. "எக்கா, ஒண்ணே ஒண்ணு. கண்ண மூடிக்கிட்டு எடு. இனிமே ஒன்னக் கேக்க மாட்டேன்." நான் சொல்லிவிடுகிறேன். சொல்ல முடிவெடுத்தது நினைவில்லை. குரல்தான் முதலில் கேட்கிறது. "இது முதல் கை இல்லை, வடிவு. அப்பாவுக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். அந்த ஐயாயிரம் நான் எடுத்த சீட்டுக்குத்தான். வீடு போனதும் நான் எடுத்த சீட்டுகளால்தான்." சொன்னால் இந்தக் கை அவர்களுக்குக் கெட்டுவிடும், விலகி நில்லுங்கள் என்பார்கள், விடுதலை என்று நினைத்தேன். பூதத்தான் மூச்சை உள்ளிழுக்கிறார். "அப்ப இது ஏற்கெனவே விழுந்த கையில்லா." பின்வரிசைக்கு அது போகிறது, விழுந்த கை, டீச்சர் கை ஐயாயிரம் எடுத்த கை, அந்தக் காலத்து ஐயாயிரம், யாரோ இன்றைய மதிப்பைக் கணக்கிடுகிறார்கள், ஒருவர் தம் பணத்தை என் பக்கமாக நீட்டுகிறார், "எனக்கும் ஒண்ணு தொட்டுத் தாங்கம்மா." சுலோச்சனா விசிறியை இன்னும் அகலமாக விரிக்கிறாள். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதில்கூட எனக்குத் தேர்ச்சி இல்லை.

வடிவு மட்டும் சிரிக்கவில்லை, வியக்கவும் இல்லை. "அப்ப ஒனக்கு எத்தன வயசு," என்கிறாள். பன்னிரண்டு. "எனக்கு அஞ்சு." கணக்குப் போடுகிறாள் என்று எண்ணுகிறேன், வீட்டின் கணக்கை, சங்கிலியின் கணக்கை, வரட்டும், திட்டட்டும், ஐம்பது ஆண்டு பாக்கி. அவள் கேட்பது வேறு. "வெள்ளிக்கெழமையானா ஒன்ன மட்டும் சைக்கிள்ல வச்சிக் கூட்டிட்டுப் போவாரு. நான் வாசல்ல நின்னு அழுவேன். ஒனக்கு மிட்டாய் வாங்கித் தாராருனு நெனச்சேன் இத்தன வருசமும். நீ ஒண்ணும் கொண்டு வரமாட்ட, வழியிலயே தின்னுட்டு வாரனு நெனச்சேன்." "மிட்டாய் எதுவும் வாங்கித் தரவில்லை," என்கிறேன். "தெரியுது. என் கைய ஏன் அவரு கேக்கல?" அவள் கை, கொக்கி ஊசி குத்திக் குத்தி விரல் நுனி கறுத்த அந்தக் கை, மேசைமேல் பணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது; யாரும் அதைப் பார்த்ததில்லை; நானும் இப்போதுதான் பார்க்கிறேன். என் கை எனக்கு முன்னால் நீண்டிருப்பது தெரிகிறது. எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், விழட்டும், போகட்டும், அதற்காகவே நீண்டதா, அல்லது அவளைத் தடுக்க நீண்டதா, எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. "எடுக்கிறேன்," என்கிறேன். "வேண்டாம்," என்கிறாள். குரலை உயர்த்தவில்லை. "நீ எடுத்து விழுந்துச்சுன்னா அதுவும் ஒன் வீடுதான். நீ குடையப் பிடி." விசிறியைப் பார்க்கவில்லை, கண்ணையும் மூடவில்லை, ஓரத்தில் இருந்த ஒன்றை, பேருந்துச் சீட்டு வாங்குவதுபோல, எடுத்து நெகிழிப் பையில் சுருட்டி முந்தானையில் முடிந்துகொள்கிறாள். சுலோச்சனாவுக்கு ஏமாற்றம், நீட்டிய என் கையைப் பார்த்து, "டீச்சரே, எடுக்குன்னெங்கில் எடுக்கணும், இல்லெங்கில் மாறி நிக்கணும், ஆளுகள் நிக்குது," என்கிறாள். ஓரமாக மாறி நிற்கிறேன்.

திரும்பும் பேருந்தில் வடிவு சன்னலோரம் உட்கார்ந்தாள். புளியரையில் மழை விட்டது. மதியம் ஒன்றேகாலுக்கு வீடு வந்து சேர்ந்தோம்; காலையில் வைத்த சோறு இருந்தது; சாப்பிட்டோம். செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி குலுக்கல் நடந்தது. மறுநாள் நாளிதழில் அவளே எண்ணைப் பார்த்தாள். முதல் பரிசும் இல்லை, கடைசிப் பரிசும் இல்லை. சீட்டைக் கிழிக்காமல் ஊசி நூல் வைக்கும் டப்பாவில் போட்டாள். பூதத்தானுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. எனக்கு ஓய்வூதியம் வரும் வங்கியில் அக்டோபர் மாதம் அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்க என்னிடம் சான்றொப்பம் கேட்டாள்; இட்டேன். தை மாதம் ஏழாம் தேதி, இலஞ்சியில் எங்கள் தெருத் தையற்காரரின் தங்கை வீட்டு மாடியறையை மாதம் ஆயிரத்து முந்நூறு ரூபாய் வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடிபோனாள். அறைக்குத் தனிக் குழாய் இல்லை. கீழேயிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். ஒரு தையல் இயந்திரத்தைத் தவணைக்கு வாங்கியிருக்கிறாள். லாட்டரிச் சீட்டு வாங்குவது பணத்தை வீணாக்குவது என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. அவள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிய அந்தக் காலையில்தான், பரிசு எதுவும் விழாமலே ஒருத்தி என் வீட்டைவிட்டுப் போய்விட முடியும் என்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அது எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.